செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஐப்பசி மழை விட்ட ஒரு விடியற்காலை. திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி வேலூர் சாலையோரம், தக்காளிப் பெட்டிகள் அடுக்கிய பழைய பிக்கப் ஒன்று நின்றிருந்தது. இரவு வந்து சேர்ந்த டிரைவர், முன்சக்கரங்களை ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளேயே தூங்கியிருக்கிறார். எழுந்து சாவியைத் திருப்பினால், இன்ஜின் டுர்... டுர்... டுர்... என்று சுற்றுகிறது. கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. எதிரே அண்ணாமலை பாதி மேகத்தில் இருந்தது. சந்தை நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி வீக் என்றார் ஒருவர். செல்ஃப் மோட்டார் போயிருக்கும், கழற்றி காயில் கட்டக் கொடு என்றார் இன்னொருவர். மூன்றாமவர், பெட்ரோலில் துணியை நனைத்து ஏர் ஃபில்டர் வாயில் காட்டு, பிடித்துக்கொள்ளும் என்றார். அந்த யோசனையின் ஆபத்தைப் பிறகு பார்ப்போம்.

கடைசியாக ஒரு மெக்கானிக் வந்தார். “இன்னா தம்பி?” என்றார்.

“செல்ஃப் நல்லா எடுக்குதுண்ணா. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது.”

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் சைலன்சர் வாய்க்கு நேராகக் குந்தினார். “நீ அடி” என்றார். டிரைவர் அடித்தார். ஐந்தாறு விநாடி பார்த்துவிட்டு எழுந்தார். “பொகையே இல்ல. டீசல் வரல.”

பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் அந்த நொடியே வழக்கிலிருந்து விடுதலை. பத்து ரூபாய்கூடச் செலவில்லாத இந்தச் சோதனைக்குப் பின்னால் நூற்றுமுப்பது வருட அறிவியல் இருக்கிறது.

முதலில் ‘செல்ஃப்’ என்ற சொல்லையே பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் வண்டியின் முன்னால் இரும்புக் கம்பியைச் செருகி ஒருவர் சுற்றினால்தான் இன்ஜின் உயிர்பெறும். உள்ளே எரிபொருள் முன்கூட்டியே பற்றிவிட்டால் கம்பி திருப்பி உதறும். கை உடையும், சில சமயம் உயிரே போகும். 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் மோட்டார் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. தானாகவே கிளப்பிக்கொள்ளும் கருவி என்பதால் அதற்கு ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று பெயர். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பிற்பாடு ‘செல்ஃப்’பை விட்டுவிட்டு ‘ஸ்டார்ட்டர்’ என்றார்கள். நாம் ‘ஸ்டார்ட்டர்’ரை விட்டுவிட்டு ‘செல்ஃப்’பை வைத்துக்கொண்டோம். சென்னை பாடியில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்டார்ட்டர் மோட்டார்கள் தயாராகின்றன. அவற்றை வாங்கிப் பூட்டுகிற ஊர் மெக்கானிக்குக்கு இன்றும் அது செல்ஃப்தான்.

செல்ஃபின் வேலை இன்ஜினைச் சுற்றிவிடுவது மட்டும். அதன் பிறகு நெருப்பு பிடிக்கவேண்டியது இன்ஜினின் பாடு. ஆகவே ‘செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று சொல்லும்போதே நோயின் பாதி எல்லை தெரிந்துவிடுகிறது. சுற்றுகிறது, பற்றவில்லை. ஏன் பற்றவில்லை என்பதுதான் கேள்வி.

பெட்ரோல் இன்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. நம் பிக்கப்புகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் இன்ஜின் தன் நெருப்பைக் காற்றை நசுக்கியே உண்டாக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், பித்தளை சுடும். உராய்வு கொஞ்சம், பெரும்பகுதி சூடு, அமுக்கப்பட்ட காற்றினுடையது. காற்றை வேகமாக அமுக்கினால், நாம் செலவழித்த உழைப்பு வெளியே தப்ப நேரமில்லாமல் காற்றுக்குள்ளேயே வெப்பமாக நிற்கிறது.

தென்கிழக்காசியக் காட்டுவாசிகள் இதை வைத்தே அடுப்பு மூட்டினார்கள். மூங்கிலிலோ கொம்பிலோ செய்த சிறு குழாய், அதில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி ஒரே தட்டு, உடனே உருவினால் பஞ்சில் கனல். ருடால்ஃப் டீசலுக்கு மியூனிக்கில் ஆசிரியராக இருந்த கார்ல் வான் லிண்டே இப்படியொரு கருவியை மாணவர்களுக்கு இயக்கிக் காட்டினார் என்றும், டீசல் மனதில் பொறி விழுந்தது அங்கேதான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1892இல் டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893இல் ஆக்ஸ்பர்க்கில் முதல் இன்ஜினைச் சோதித்தபோது அழுத்தமானி வெடித்துச் சிதறியது, ஆள் தப்பினார். 1897இல் நடந்த அதிகாரப்பூர்வச் சோதனையில் அவருடைய இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தைப் பயனுள்ள வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி இன்ஜின்களால் அதன் பக்கத்தில்கூட வரமுடியவில்லை.

வேங்கிக்கால் பிக்கப்பின் சிலிண்டருக்கு வருவோம். உள்ளே வரும் காற்று 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் அதைப் பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. ஒரு துளி வெப்பமும் வெளியே போகாத, ஒரு குமிழ் காற்றும் கசியாத இலட்சிய சிலிண்டராக இருந்தால் வெப்பம் 690 டிகிரி வரை ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் நிஜ இன்ஜினில் 500 டிகிரியைத் தாண்டும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். கணக்கில் நிறைய மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் விடியற்காலையில் செல்ஃப் அடிக்கும்போது கதை வேறு.

ஐட்லிங்கில் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுச் சுற்றும் இன்ஜினை, செல்ஃப் சுற்றுவது நிமிடத்துக்கு இருநூறு சுற்று அளவுதான். அப்போது ஒரு அமுக்கத்துக்கு 0.15 விநாடி ஆகிறது. பேட்டரி சோர்ந்து நூறு சுற்றாகக் குறைந்தால் 0.3 விநாடி. அந்த அவகாசத்தில் குளிர்ந்த இரும்புச் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங் இடுக்கில் காற்று நழுவுகிறது. ஐந்நூறைத் தாண்டவேண்டியது முந்நூறுக்குப் பக்கத்திலேயே தடுமாறும்; தூவிய டீசல் கணநேரத்தில் பற்ற அது போதாது. மூங்கில் குழாயை மெதுவாக அமுக்கினால் பஞ்சு பற்றாது, ஓங்கித் தட்டவேண்டும். செல்ஃபின் வேகத்துக்கும் அதே நியாயம்தான். ஆகவே பேட்டரி என்று சொன்ன டீக்கடைக்காரர் மடையர் அல்ல. இழுத்து இழுத்துச் சுற்றினால் அவர் சொன்னது சரி. அன்றைக்கு வண்டி சுறுசுறுப்பாகச் சுற்றியது, அதனால் தவறு.

இதைக் காதாலேயே கேட்கலாம். நல்ல இன்ஜினைச் செல்ஃப் சுற்றும்போது சீரான துடிப்பு இருக்கும்: ஒவ்வொரு பிஸ்டனும் மேலேறும்போது சுமை, இறங்கும்போது இளைப்பு. நான்கு சிலிண்டரில் ஒன்று செத்திருந்தால் நான்காவது அடி தப்பும் தாளம்போல் நொண்டும். துடிப்பே இல்லாமல் கிர்ர் என்று லேசாகச் சுற்றினால் அமுக்கமே இல்லை என்று பொருள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினென்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும், மேலும் சுற்றினால் வால்வு வளையும்.

காது வேலையை முடித்ததும் கண்ணுக்கு வேலை. நெருப்புக்கு டீசல் வேண்டும், சூடு வேண்டும். இரண்டில் எது இல்லை? இதற்கு சைலன்சர் பதில் சொல்கிறது. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளையாக, கண்ணெரிச்சலோடு டீசல் நாற்றம் அடிக்கும் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் தூவப்படுகிறது, பற்றாமல் ஆவியாகவே வெளியே வருகிறது. அதாவது டீசல் இருக்கிறது, சூடு இல்லை. அப்போது பார்க்கவேண்டியவை: சுற்றும் வேகம், ஹீட்டர் பிளக், அமுக்கம், பம்பின் டைமிங். புகையே இல்லையென்றால் சூடு இருந்தும் பயனில்லை. சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவே இல்லை. மெக்கானிக் குந்திப் பார்த்தது இந்தப் பிரிவினையைத்தான். பாகங்களை மாற்றத் தொடங்குவதற்கு முன் இந்த ஒரு பார்வையைப் பார்க்காதவர்களின் பணம் எவ்வளவோ வீணாகியிருக்கிறது. நானும் ஒருமுறை நல்ல பேட்டரியை மாற்றியவன்தான், ஆகவே மற்றவர்களைக் குறை சொல்ல வாயில்லை.

கிளம்பும்போது கூடுதல் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் எல்லா வண்டிக்கும் இருக்காது. டீசல் நேரடியாகப் பிஸ்டனின் தலைக்குழிக்குள் தூவப்படும் டிஐ இன்ஜின்கள், நம் தட்பவெப்பத்தில் அது இல்லாமலே கிளம்பிவிடும். முதலில் ஒரு சிற்றறையில் தூவி, அங்கிருந்து நெருப்பு சிலிண்டருக்குப் பரவும் ஐடிஐ வகை வேறு. அந்தச் சிற்றறையின் சுவர்ப்பரப்பு வெப்பத்தைத் தின்றுவிடும் என்பதால் அதற்குக் குளிரில் கூடுதல் சூடு வேண்டியிருக்கும். 2005இல் டாடா ஏஸ் வந்து நம் ஊரில் ‘குட்டி யானை’ ஆனபோது, அதன் 702 சிசி இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் இந்த ஐடிஐ வகைதான்; பதினாறே குதிரைத்திறன். இன்னும் எத்தனையோ குட்டி யானைகள் திருவண்ணாமலைத் தெருக்களில் தண்ணீர் கேனும் சிமெண்டும் சுமக்கின்றன.

டீசல் உறைந்துவிட்டிருக்குமோ என்று குளிர்நாட்டுக் குறிப்புகளைப் படித்தவர்கள் கேட்பார்கள். லடாக்கில் அது உண்மை. அங்கே டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். அதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை ஒழுகும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. திருவண்ணாமலை மார்கழிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

சரி, புகை இல்லை. டீசல் வரவில்லை. எங்கே நின்றது?

டேங்கிலிருந்து சிலிண்டர் வரை டீசலுக்கு இரண்டு பாதைகள் என்று வைத்துக்கொள்ளலாம். டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாகப் பெரிய பம்ப் வரை ஒரு பாதை. அங்கே அழுத்தம் மிகக் குறைவு. பழைய வண்டிகளில் இன்ஜினோடு ஒட்டிய ஃபீட் பம்ப், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக் கொண்டுவரும். பெரிய பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை இரண்டாவது பாதை; அங்கே அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் இருநூறு மடங்குக்கு மேல். பெரிய பம்பை இன்றும் பழைய மெக்கானிக்குகள் ‘மைக்கோ பம்ப்’ என்பார்கள். 1951இல் தொடங்கிய பெங்களூர் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008இல் கம்பெனியே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டும் பட்டறையில் பெயர் மாறவில்லை. 1927இல் ராபர்ட் பாஷ் கம்பெனி இந்த வகைப் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் இன்ஜின் லாரிக்குள் வசதியாக அடங்கியது. டீசலின் முதல் இன்ஜின்களுக்கு எரிபொருளை ஊதித் தள்ளவே தனியாக ஒரு காற்றமுக்கி வேண்டியிருந்தது.

அந்தப் பம்பு ஒரு தடவைக்கு எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்று நினைக்கிறீர்கள்? இரண்டரை லிட்டர் பிக்கப் இன்ஜினில் சுமார் நாற்பது கன மில்லிமீட்டர். பத்துக் கடுகை ஒன்றாக உருட்டினால் வரும் அளவு. பத்துக் கடுகளவு டீசல் இருநூறு மடங்கு அழுத்தத்தில் இன்ஜெக்டர் முனையைத் தூக்கித் திறந்து, மூடுபனியாகச் சிதறவேண்டும். திரவம் அமுங்காது என்பதுதான் இதைச் சாத்தியமாக்குகிறது. அந்த அழுத்தத்திலும் டீசல் சுருங்குவது சுமார் ஒன்றரை சதவீதம். இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் தள்ளுப்படும், இரும்புக் கம்பிபோல.

இப்போது அந்தக் குழாயில் ஒரு மிளகளவு காற்றுக்குமிழ் புகுந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். காற்று இருநூறு மடங்கு அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். பம்பு தள்ளிய பத்துக் கடுகும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். இன்ஜெக்டர் திறக்காது. பம்பு பின்வாங்கும்போது குமிழ் மறுபடி விரிந்துகொள்ளும். செல்ஃப் அடிக்க அடிக்க, உள்ளே அந்த ஒற்றைக் குமிழ் சுருங்குவதும் விரிவதுமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். பட்டறைப் பேச்சில் இதற்கு ‘ஏர் பிடிச்சிருச்சு’ என்று பெயர். இரும்புக் கம்பியைத் தள்ளவேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கைத் தள்ளுகிற கதை.

டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், ஃபில்டரை மாற்றிவிட்டு நிரப்பாமல் பூட்டிய வண்டியிலும் ஏர் பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு டேங்கில் பாதி டீசல் இருந்தது. ஃபில்டரை யாரும் தொடவில்லை.

மெக்கானிக் இப்போதுதான் பானெட்டைத் திறந்தார். சாவியை ஆன் செய்து, பம்பின் தலையிலிருக்கும் கட் ஆஃப் சொலினாய்டில் ‘டிக்’ சத்தம் வருகிறதா என்று கேட்டார். வந்தது. சாவி போட்டதும் டீசல் வாசலைத் திறந்துவிடும் சின்ன மின்கதவு அது. அதன் ஒயர் கழன்றாலும் இதே நோய்தான், இதே புகையின்மைதான். இன்னும் பழைய வண்டிகளில் இன்ஜினை அணைக்க இழுக்கும் கேபிள் இருக்கும். அது துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டாலும் பம்பு மூடியே கிடக்கும். கையால் தள்ளிவிட்டால் வண்டி ஓடும், டிரைவருக்கு அவமானம் மட்டும் மிச்சம்.

அடுத்து டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே காற்று உஸ் என்று இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள். சேற்றுத் தண்ணீரும் மண்ணும் தெறிக்கும் மழைக்காலத்தில் இது நடக்கும். அன்று சத்தமில்லை. பிறகு ஃபில்டர் பக்கத்திலிருந்த ஹேண்ட் பம்பை அமுக்கினார். தொளதொளவென்று போய்வந்தது, டீசல் நிறைந்திருந்தால் விரலுக்கு ஒரு திமிர் தெரியவேண்டும். ஃபில்டர் மேலிருந்த ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி அமுக்கினார். முதலில் வெறும் மூச்சு. பிறகு சோடாவைத் திறந்ததுபோல் நுரை. இருபது முப்பது அமுக்கு கழித்து நுரை நின்று, மஞ்சள் கண்ணாடிபோல் டீசல் வழிந்தது. ஸ்க்ரூவை இறுக்கினார். “இப்ப அடி.” நான்கு சுற்றில் வண்டி இருமி, உதறி, பிடித்துக்கொண்டது. சைலன்சரில் முதலில் வெள்ளை, பிறகு ஒன்றுமில்லை.

டிரைவர் காசை எடுத்தார். மெக்கானிக் வாங்கவில்லை. “இருப்பா. ஏர் எப்படி வந்துச்சின்னு பாக்காம போனா நாளைக்கும் இங்கதான் நிப்ப.” எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். வைத்தியம் முடிந்துவிட்டது, நோய் எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

பெட்டியிலிருந்து, மருத்துவமனையில் சலைன் ஏற்றுவதுபோன்ற கண்ணாடி நிற பிளாஸ்டிக் டியூப் ஒரு சாண் துண்டை எடுத்தார். ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி நடுவில் அதைச் செருகினார். மறுபடி ஏர் எடுத்து, வண்டி ஓடத் தொடங்கியதும் டியூபைக் காட்டினார். மஞ்சள் டீசலில் ஊசித்தலை அளவுக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் நகர்ந்து போயின. டேங்குக்கும் அந்த டியூபுக்கும் நடுவில் எங்கோ ஒரு துவாரம். அடியில் படுத்து ஹோஸைத் தடவிக்கொண்டே போனார். சேஸிஸோடு கிளிப் போட்டுப் பிடித்திருந்த இடத்தில் ரப்பர் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. ஈரம் இல்லை. ஒரு சொட்டு டீசல்கூட வெளியே இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டை என்றால் ஒழுகவேண்டும் என்பது குடம், குழாய் பார்த்து வளர்ந்த நம் புத்தி. உறிஞ்சும் பாதையில் அது செல்லாது. ஃபீட் பம்ப் இழுக்கும்போது அந்த ஹோஸுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் துவாரத்தின் வழியே டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. இளநீர் ஸ்ட்ராவில் ஒரு கீறல் விழுந்திருந்தால் இளநீர் சொட்டாது. வாய்க்கு வெறும் காற்றுதான் வரும். மேலும் ஒரு காரணம்: டீசலின் பிசுக்கு காற்றின் பிசுக்கைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம். டீசல் நுழையத் தயங்கும் மயிரிழை வெடிப்பில் காற்று தாராளமாகப் போய்வரும். ஆகவே வண்டி நின்றிருக்கும்போதும் அங்கே கண்ணுக்கு ஈரம் தெரியாது.

மண்மேட்டுக்கும் இப்போது கணக்கு வந்துவிட்டது. முகம் மேலே பார்க்க வண்டி நின்றதால் இன்ஜின் உயரத்தில், டேங்க் பள்ளத்தில். ஹோஸிலிருந்த டீசல் இரவு முழுக்கத் தன் எடையால் டேங்குக்கே திரும்பி இறங்கப் பார்த்தது. வெடிப்பின் வழியே காற்று நுழைந்து அதற்கு வழிவிட்டது. வெடிப்பு இல்லாத ஹோஸில் காற்றுக்கு நுழைய வாசல் இல்லை. டீசல் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும், நுனியை விரலால் மூடித் தூக்கிய ஸ்ட்ராவில் நிற்கும் இளநீர்போல. “மேட்டுல ஏத்தி நிறுத்தினா காலைல மக்கர் பண்ணும், சமதரைல நல்லா இருக்கும்” என்று டிரைவரே பேச்சுவாக்கில் சொன்னார். ஜவ்வாது மலைக்கு லோடு போகும்போதெல்லாம் அப்படித்தானாம். அந்த ஒரு வாக்கியத்தை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் கண்ணாடி டியூபுக்கே வேலை இருந்திருக்காது.

ரப்பர் ஏன் வெடித்தது? வயது, இன்ஜின் சூடு, கிளிப்பின் இறுக்கம். பழைய வண்டிகளுக்கு வேறொரு சங்கதியும் உண்டு. அமெரிக்காவில் 1993இல் கந்தகம் குறைத்த டீசலுக்கு மாறியபோது, பழைய பம்புகளின் ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசியத் தொடங்கின. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலில் இருக்கும் அரோமேட்டிக் சேர்மங்களையும் குறைத்துவிடுகிறது. அவற்றை உறிஞ்சி ஊறிப் பருத்திருந்த சீல், புது டீசலில் வற்றி இளைத்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 டீசல். பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்த கந்தகம் 10 ஆனது. நுரையீரலுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. பதினைந்து வயது வண்டி வைத்திருப்பவர் சீல், ஹோஸ், காப்பர் வாஷரை ஒரு கண் பார்த்துக்கொள்வதும் நல்லது. காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் கடினமாகிவிடும். மறுபடி பூட்டினால் பிடிக்காது. பழைய கைகள் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கிப் பூட்டுவார்கள். செம்பை அப்படிச் செய்தால் மிருதுவாகும். எஃகை அப்படிச் செய்தால் விறைக்கும். புது வாஷர் வாங்கக் கடை இருக்கும்போது எதற்கு இந்த வித்தை என்று கேட்டால், நள்ளிரவில் சாலையோரம் கடை ஏது என்பார்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு எதிரி தண்ணீர். பாதி காலியான டேங்கின் உள்காற்று இரவில் குளிர்ந்து, ஈரம் சுவரில் வியர்த்து இறங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். உறிஞ்சும் குழாயும் அடியில்தான். ஃபில்டருக்குக் கீழே இருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தால் தண்ணீர் கீழே, டீசல் மேலே என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். அந்த எல்லைக்கோட்டில் டீசலையே உணவாக்கி வளரும் பூஞ்சைகளும் உண்டு. ஃபில்டரில் கறுத்த கொழகொழப்பு இருந்தால் அவற்றின் வேலை. மாதம் ஒருமுறை ஸ்க்ரூவைத் திறந்து மூட இரண்டு நிமிடம் ஆகும். செய்பவர்கள் குறைவு.

காலையில் கிளம்பும் வண்டி, சூடாக ஓடி நின்ற பிறகு கிளம்ப மறுக்கிறதா? அது பம்பின் தேய்மானம். பம்புக்குள்ளிருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. தலைமயிர் அதைப்போல் இருபது மடங்கு தடிமன். அது சற்றே தேய்ந்தாலும், சூட்டில் நீர்த்துப்போன டீசல் இடுக்கில் நழுவிவிடும். செல்ஃபின் மெதுவான சுற்றில் நழுவ நேரமும் அதிகம். பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் குளிரவிட்டதும் வண்டி பிடித்துக்கொண்டால் நோய் உறுதி. இதற்கு நேர்மாறாக, காலைக் குளிரில் வெள்ளைப்புகையோடு முரண்டு பிடித்துச் சூடானபின் ஒழுங்காக இருந்தால், பழி ரிங்கிலோ வால்விலோ ஹீட்டர் பிளக்கிலோ.

பெட்ரோல் துணி யோசனைக்கு வருகிறேன். ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் ஆவியையோ ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயையோ காட்டினால் சில சமயம் வண்டி கிளம்பும் என்பது உண்மை. ஸ்ப்ரேயிலிருக்கும் ஈதர் 160 டிகிரி அளவிலேயே பற்றும். ஆனால் டீசல் இன்ஜினில் நெருப்பு எப்போது பிடிக்கவேண்டும் என்பதை, டீசல் தூவப்படும் நொடிதான் தீர்மானிக்கிறது. காற்றோடு கலந்தே உள்ளே வந்த ஆவிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் விரியும். ஹீட்டர் பிளக் கனன்றுகொண்டிருக்கும் இன்ஜினில் தீ வெளியே, துணி பிடித்த கைக்கே வரும். டீசல் வராத வண்டிக்கு இது வைத்தியமும் அல்ல; பிடித்தாலும் அரை நிமிடத்தில் நின்றுவிடும்.

இவ்வளவும் பழைய இயந்திரப் பம்பு வண்டிகளுக்கு. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற காமன் ரெயில் வண்டிகளும் இன்று பழைய பிக்கப்புகளாகிவிட்டன. அவற்றில் ரெயில் குழாயில் போதிய அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சென்சார் சொன்னால்தான், எந்த பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லையென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். மற்றதற்கு ஸ்கேனர் வேண்டும். உறிஞ்சும் பாதையில் காற்று புகுந்தால் இவையும் அதே மாதிரி நிற்கும். ஆனால் பழைய பழக்கத்தில் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஓடும்போது ஆயிரத்து ஐந்நூறு மடங்கு வரை ஏறும் அழுத்தம் அது. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக்குத்து அளவே தெரியும், உள்ளே சதை அழுகும், விரலை எடுக்கவேண்டி வரலாம். பழைய வண்டியிலும் கசிவைக் கண்டுபிடிக்க விரலை நீட்டாதீர்கள், அட்டையை நீட்டுங்கள்.

செல்ஃபையும் கொல்லவேண்டாம். அது இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். பத்து விநாடிக்கு மேல் அடித்தால் காயில் வேகும். பத்து விநாடி அடி, ஒரு நிமிடம் ஆறவிடு. பதற்றத்தில் அரைமணி நேரம் அடித்து, காற்றுக்குமிழோடு போகவேண்டிய செலவை பேட்டரி, செல்ஃப் இரண்டுக்கும் சேர்த்து இழுத்துவிட்டவர்கள் உண்டு.

வேங்கிக்காலில் அன்றைய மொத்தச் செலவு: ஓர் அடி டீசல் ஹோஸ், இரண்டு கிளிப், மெக்கானிக் கூலி. தக்காளி ஒரு மணி நேரம் தாமதமாகச் சந்தைக்குப் போனது.

உங்கள் வண்டி நாளைக் காலை கிளம்ப மறுத்தால், பேட்டரிக் கடைக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு ஆளை சைலன்சருக்குப் பின்னால் குந்தவைத்து, புகை வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் போனில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். நேற்று ராத்திரி வண்டியை மேட்டில் நிறுத்தினீர்களா, சமதரையில் நிறுத்தினீர்களா என்பதையும்.